நாள் தள்ளிப்போகுதா? டெல்டா பெண்கள் கேட்கும் மாதவிடாய்க் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக் கூட்டம், சுகாதார முகாம் என்று செவிலியராகப் போகும்போது பெண்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்பார்கள். அப்படி அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். எதைக் கவனிப்பது, எப்போது மருத்துவரிடம் போவது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

மாதா மாதம் அதே தேதியில் வர வேண்டுமா? எனக்கு ஒரு தடவை 26 நாளில் வருகிறது, ஒரு தடவை 32 நாளில் வருகிறது.

அதே தேதியில் வர வேண்டியதில்லை. உங்களுக்கு வருவது முறையானதுதான்.

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. உதிரம் பட ஆரம்பித்த முதல் நாளை 1 என்று வைத்து, அடுத்த முறை படுவதற்கு முந்தைய நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்தோ, தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்தோ எண்ணினால் கணக்கு தப்பிவிடும். "எனக்கு இருபது நாளிலேயே வந்துவிடுகிறது" என்று பயந்து வருபவர்களில் பலர் இப்படி நின்ற நாளிலிருந்து எண்ணியவர்கள்தான்.

வளர்ந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாள் இடைவெளி வரை இயல்பு என்பது இன்று உலக அளவில் மகப்பேறு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. 21 முதல் 35 என்றும் சிலர் சொல்வார்கள். உதிரப்போக்கு 8 நாளைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்துக்கும் இன்னொரு மாதத்துக்கும் ஏழெட்டு நாள் முன்பின் இருந்தால் கவலை இல்லை. ஒருமுறை 23 நாள், அடுத்த முறை 50 நாள், அப்புறம் 30 நாள் என்று தாவித் தாவி வந்தால் அதைத்தான் ஒழுங்கற்ற மாதவிடாய் என்கிறோம். அது தனி நோய் அல்ல. வேறு ஏதோ ஒன்று இருக்கிறது என்று உடம்பு காட்டும் அறிகுறி. அந்த வேறு ஒன்று சாதாரணமாகவும் இருக்கலாம், கவனிக்க வேண்டியதாகவும் இருக்கலாம்.

சரி, இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

ஞாபகம் வைக்க வேண்டாம், எழுதி வையுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அடுப்படிச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் எத்தனை லிட்டர், சிலிண்டர் எப்போது மாற்றியது, குழுவுக்குத் தவணை எந்தத் தேதி, வயலுக்கு உரம் போட்ட நாள், எல்லாம் அதில் இருக்கும். அந்த வீட்டுப் பெண்ணின் தேதி மட்டும் இருக்காது. மருத்துவர் "கடைசியாக எப்போது?" என்று கேட்டால் "ஆடிப்பெருக்குக்கு முன்னாலே வந்த மாதிரி இருந்தது" என்ற பதில்தான் வரும்.

வந்த நாளில் ஒரு சிறு புள்ளி, நின்ற நாளில் ஒரு கோடு. போக்கு அதிகமாக இருந்த நாளில் இரண்டு புள்ளி. அவ்வளவுதான். கைபேசிச் செயலியும் சரி, மளிகைச் சீட்டு எழுதும் நோட்டும் சரி. மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும், உங்களுக்கும் தேவையில்லாத பரிசோதனைச் செலவு மிச்சமாகும்.

உள்ளே என்னதான் நடக்கிறது? ஏன் தள்ளிப்போகிறது?

மாதவிடாய்க்கு உத்தரவு கர்ப்பப்பையிலிருந்து வருவதில்லை, மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும். பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விட்டுச் சினைப்பையைத் தூண்டும். சினைப்பையில் ஒரு கருமுட்டை வளரும். வளரும்போது ஈஸ்ட்ரோஜன் சுரந்து கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும். முட்டைப்பை வெடித்து முட்டை வெளியே வந்த பிறகு புரோஜெஸ்ட்ரோன் சுரந்து அந்தச் சவ்வைக் கரு தங்குவதற்கு ஏற்றதாக ஆக்கும். கரு தங்கவில்லை என்றால் ஏறக்குறைய 14 நாளில் ஹார்மோன் இறங்கிச் சவ்வு உதிர்ந்து வெளியேறும்.

இதில் முட்டை வெளியேறிய பிறகான அந்த 14 நாள் அதிகம் மாறாது. மாறுவதெல்லாம் அதற்கு முந்தைய பகுதி. மன உளைச்சல், சாப்பாடு இல்லாமை, எடை திடீரென்று ஏறுவது அல்லது இறங்குவது, தைராய்டு, காய்ச்சல், எதுவானாலும் முட்டை வளர்ந்து வெளியேறுவதைத்தான் தாமதப்படுத்துகிறது. முட்டையே வெளியேறாத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோனும் இருக்காது. சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் தாங்காமல் கண்டபடி உதிரும். இரண்டு மூன்று மாதம் வராமல் இருந்து, வந்தால் பத்து நாள் நிற்காமல் கொட்டுவது இதனால்தான். "தேங்கியிருந்த கெட்ட ரத்தம் போகிறது" என்று சொல்லி அதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உதிரத்தில் கெட்டது நல்லது என்று எதுவும் இல்லை. போவது உங்கள் இரத்தம்.

மகள் வயசுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு மாதம் வந்தது, இப்போது வரவே இல்லை. கொழுப்புக் கட்டி ஏதாவது இருக்குமோ?

பயப்படாதீர்கள். மூளைக்கும் சினைப்பைக்கும் இடையே அந்தச் சேதிப் போக்குவரத்து சீராவதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அந்தக் காலத்தில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி இயல்பு. முதல் ஆண்டில் அதைவிடவும் முன்பின் ஆகலாம். ஆனால் எந்த வயதானாலும், ஒரே ஒரு முறையானாலும், 90 நாளைத் தாண்டி வராமல் இருந்தால் காட்ட வேண்டும். 15 வயது முடிந்தும் பூப்பெய்தவில்லை என்றாலும், 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு ஸ்கேன் எடுத்து "நீர்க்கட்டி" என்று முத்திரை குத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வயதில் சினைப்பையில் நிறைய சிறு முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. பூப்பெய்தி 8 ஆண்டு ஆவதற்குள் ஸ்கேனை வைத்து நீர்க்கட்டி நோய் என்று முடிவு செய்யக் கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய இரவில், பட்டுக்கோட்டைப் பகுதியில், பூப்பெய்தியதால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுங்கள், மஞ்சள் நீராட்டுங்கள், சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுக் கொண்டாடுங்கள். பிள்ளை மட்டும் வீட்டுக்குள் படுக்கட்டும்.

நாள் தள்ளிப்போனால் முதலில் என்ன பார்ப்பது?

கல்யாணமானவரோ ஆகாதவரோ, உடலுறவு இருந்திருந்தால் முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்வார்கள். காலையில் முதல் சிறுநீரில், தேதி தாண்டி ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இல்லை என்று காட்டியும் வரவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

மருந்துக்கடையில் "நாள் தள்ளிப்போச்சு, மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுவது எங்கள் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. இது உயிருக்கு ஆபத்து. கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால், கருவைக் கலைக்க என்று தரும் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். கருவைத் தொடர விருப்பமில்லை என்றால் அதற்குச் சட்டப்படி வழி இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021-ல் வந்த திருத்தமும் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. கல்யாணமாகாத பெண்ணுக்கும் அது பொருந்தும். 18 வயது நிரம்பியவருக்கு அவர் சம்மதம் மட்டுமே போதும், கணவர் கையெழுத்து வேண்டியதில்லை.

நீர்க்கட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் பண்ணணுமா? குழந்தை பிறக்குமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்லணுமா?

மூன்றும் ஒரே மூச்சில் வரும் கேள்விகள். எப்போதும் அம்மாதான் கேட்பார். மகள் பக்கத்தில் தலை குனிந்து நின்றுகொண்டிருப்பாள்.

முதலில், ஆபரேஷன் தேவையில்லை. ஸ்கேனில் தெரிவது வெட்டி எடுக்க வேண்டிய கட்டி அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இந்த நீர்க்கட்டி நோய் (பி.சி.ஓ.எஸ்.) இருக்கிறது. அதாவது உங்கள் தெருவிலேயே பலருக்கு இருக்கும்.

மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் முடி, ஆறாத பரு போன்ற ஆண் ஹார்மோன் அறிகுறிகள், ஸ்கேனில் சினைப்பை மாற்றம். வளர்ந்த பெண்ணுக்கு இந்த மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற வேறு காரணம் இல்லையென்று தெரிந்தால்தான் இந்த நோய் என்று சொல்வார்கள். ஸ்கேன் தாள் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பலருக்கு உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. கழுத்தின் பின்புறம், அக்குள் கறுத்துத் தடித்திருப்பது அதன் அடையாளம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது.

எடை கூடுதலாக இருந்தால் இருக்கும் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகும். 70 கிலோ இருப்பவர் மூன்றரை முதல் ஏழு கிலோ குறைத்தால் போதும். ஒல்லியான பெண்களுக்கும் இந்த நோய் வரும், அவர்களை இன்னும் இளைக்கச் சொல்லக் கூடாது.

சோற்றையே விட வேண்டுமா என்று கேட்பார்கள். நெல் விளையும் ஊரில் சோற்றை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, விடவும் வேண்டியதில்லை. தட்டைக் கவனித்தால் போதும். நடுவில் குவித்த சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்றுதான் நம் தட்டு இருக்கிறது. சோற்றைப் பாதியாக்கி, பாதித் தட்டில் கீரையும் காயும் வையுங்கள். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். நாகைப் பக்கம் மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும்போது வேறு எதையும் தேட வேண்டாம். சாயங்காலம் சர்க்கரை போட்ட காப்பியும் போண்டாவும்தான் முதலில் குறைய வேண்டியவை. அப்புறம் தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடப்பது. வாய்க்கால் கரையில் நடக்கத் துணை வேண்டுமென்றால் அம்மாவும் சேர்ந்து நடக்கலாம்.

மாத்திரையும் உண்டு. மாதம் ஒழுங்காக வர ஹார்மோன் மாத்திரை, இன்சுலின் பிரச்சினைக்கு மெட்ஃபார்மின், குழந்தைக்கு முயலும்போது முட்டை வெளியேற லெட்ரோசோல் என்று தேவைக்கு ஏற்பத் தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வராமலே விட்டுவிடக் கூடாது. தடித்த சவ்வு ஆண்டுக்கணக்கில் உதிராமல் இருந்தால் பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வர வாய்ப்பு கூடும். சர்க்கரை நோய்ப் பரிசோதனையும் அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும்.

குழந்தை பிறக்குமா? பெரும்பாலானவர்களுக்குப் பிறக்கும், சிலருக்குக் கொஞ்சம் மருத்துவ உதவி தேவைப்படும். முறையாக வராததால் கர்ப்பம் ஆகாது என்று நம்பித் தடுப்பு எதுவும் இல்லாமல் இருப்பதும் தவறு. எந்த மாதம் முட்டை வெளியேறும் என்று சொல்ல முடியாது.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், கல்யாணம் செய்துகொள்ளப் போகும் இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் அது. "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. தாலி கட்டியதால் ஹார்மோன் மாறாது.

தைராய்டாலும் தள்ளிப்போகுமா?

போகும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் போக்கு அதிகமாகும் அல்லது நாள் தவறும். அதிகமாகச் சுரந்தால் போக்கு குறையும். டி.எஸ்.எச். என்ற ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரை கொடுத்தால் காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. எழுந்ததும் காப்பி குடித்துப் பழகிய ஊர் நம்முடையது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். காப்பியோடு போட்டால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. அப்புறம் "மாத்திரை போட்டும் குறையவில்லை" என்று அளவைக் கூட்ட வேண்டிவரும்.

கோயில் திருவிழாவுக்கு, வேளாங்கண்ணி நடைபயணத்துக்கு, வீட்டு விசேஷத்துக்கு என்று மாத்திரை போட்டுத் தள்ளிவைக்கிறோம். அதனால்தான் கெட்டுப்போகிறதா?

எப்போதாவது ஒரு முறை, மருத்துவர் சொல்லிப் போட்டால் அதனால் நிரந்தரமாக எதுவும் கெடாது. பொதுவாகத் தருவது நோரெதிஸ்டிரோன். வர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அந்த மாதமும் அடுத்த மாதமும் தேதி கொஞ்சம் இடம் மாறலாம்.

சிக்கல் எங்கே என்றால், ஒருவருக்கு எழுதிக்கொடுத்த அட்டையை அண்ணி, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று பகிர்ந்துகொள்வதில். கால் நரம்பில் இரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் போடக் கூடாது. கண்ணில் மின்னல் வெட்டித் தொடங்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இது கருத்தடை மாத்திரையும் அல்ல. கும்பகோணத்தில் 2028-ல் அடுத்த மகாமகம் வருகிறது. அப்போது மருந்துக்கடைகளில் இதற்கு எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று இப்போதே நினைத்துப் பார்க்கிறேன். மாதவிடாயோடு சாமி கும்பிடுவது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். வருஷத்தில் நான்கைந்து முறை மாத்திரை போட்டுத் தள்ளிவைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நடவு வேலையில் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறோம். அதனால் மாறுமா?

சேற்றிலும் தண்ணீரிலும் நிற்பதால் மாதவிடாய் நிற்காது, தள்ளிப்போகாது. ஆனால் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு வயலுக்குப் போய், பதினொரு மணிக்குத்தான் முதல் வாய் சாப்பாடு. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது மூளை மாதவிடாயைத்தான் முதலில் நிறுத்தி வைக்கும். வேலைக் காலத்தில் நாள் தவறி, அறுவடைக்குப் பின் சீராகிறது என்றால் காரணம் பசியும் எடைக் குறைவும்தான். காலையில் பழைய சோறும் மோரும் கடலைத் துவையலுமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

துணியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துணியோ நாப்கினோ, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எதுவுமே காயாது. இதைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் ஈரம் அப்படியே இருக்கும். அதைக் கட்டினால் அரிப்பும் புண்ணும் வரும். அந்த இரண்டு மாதமாவது நாப்கினுக்கு மாறிக்கொள்வது நல்லது. வளரிளம் பெண்களுக்குப் புதுயுகம் திட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள், பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கேளுங்கள்.

அதிகமாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு எப்போதும் இப்படித்தான்.

"எப்போதும் இப்படித்தான்" என்று சொல்பவர்களை நான் உடனே கண் இமையை இறக்கிக் காட்டச் சொல்வேன். உள்ளே சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும்.

ஒரு மாதத்தில் 80 மில்லிக்கு மேல் போவது அதிகம் என்பார்கள். யாரும் அளந்து பார்க்க முடியாது, அதனால் இப்படிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நாப்கின் முழுதாக நனைகிறதா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் விழுகின்றனவா? எட்டு நாளுக்கு மேல் நீள்கிறதா? அந்த நாட்களில் வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் நின்றுவிடுகிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் காட்ட வேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டுக்கும் மேல் இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் சோகை. பாதிப் பேருக்கு மேல் இருப்பதால் மூச்சு வாங்குவதும் தலைசுற்றுவதும் பெண்ணாய்ப் பிறந்ததன் இயல்பு என்றே பழகிவிட்டது. இயல்பு இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே தவிர அதில் இரும்பு மிகக் குறைவு. முருங்கைக்கீரை, சுவரொட்டி, ஈரல், கேழ்வரகு, எள், இவை நல்லவை. ஆனால் ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போய்விட்டால் சாப்பாட்டால் மட்டும் ஏறாது. ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டியிருக்கலாம்.

கு.க. ஆபரேஷன் செய்த பிறகுதான் எனக்கு இப்படி ஆனது.

இப்படி நினைப்பவர்கள் நிறைய. கருக்குழாயைக் கட்டும்போது சினைப்பையைத் தொடுவதில்லை, அதனால் ஹார்மோன் மாறாது. பெரும்பாலும் அதற்கு முன் மாத்திரையில் இருந்திருப்பார்கள், அதை நிறுத்தியதும் பழைய போக்கு தெரிய ஆரம்பிக்கும். அல்லது வயது முப்பதைத் தாண்டிக் கர்ப்பப்பைத் தசையில் நார்க்கட்டி வளர்ந்திருக்கும்.

காப்பர் டி போட்டால் முதல் சில மாதம் போக்கும் வலியும் கூடலாம். அரசு மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியால் முதலில் திட்டுத் திட்டாகப் படும், அப்புறம் பலருக்கு நின்றே போகும். ஊசியை விட்டால் திரும்ப வந்துவிடும், சில மாதம் ஆகலாம். அவசரக் கருத்தடை மாத்திரை போட்ட மாதத்தில் தேதி ஒரு வாரம் முன்பின் ஆகும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் மாதங்களில் வராமல் இருப்பது இயல்பு.

கழற்சிக்காய், மலைவேம்பு, கருஞ்சீரகம் சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்களே?

இவை நோயைக் குணமாக்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. எள்ளுருண்டையும் பப்பாளியும் நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் தள்ளிப்போன நாளை அவை இழுத்துக்கொண்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கழற்சிக்காய்ப் பொடியும் மலைவேம்புச் சாறும் மருந்து என்ற பெயரில் உள்ளே போகின்றன, மருந்துக்குரிய எச்சரிக்கை அவற்றுக்கும் வேண்டும். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவர் இருக்கிறார், அங்கே போங்கள். கைபேசியில் வரும் காணொளியைப் பார்த்து மாதக்கணக்கில் குடிக்காதீர்கள். மில் வேலைக்குத் திருப்பூர், கோவை பக்கம் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். விடுதியில் வயிற்றுவலிக்கு என்று பெயர் தெரியாத மாத்திரையைக் கையில் கொடுத்தால், அட்டையைக் காட்டச் சொல்லிப் பெயரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயது 43. மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இடைவெளி குறைவதும் கூடுவதும் உண்டு. அதற்காக எல்லாவற்றையும் "நிற்கப் போகிற வயசு" என்று விட்டுவிடவும் கூடாது. இந்த வயதில் நார்க்கட்டி, சவ்வு தடிப்பு, அரிதாகப் புற்றுநோயும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

எடுத்துவிடுவதைப் பற்றி: "இனி அது எதற்கு, குழந்தையெல்லாம் பெற்றாச்சே" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். புற்றுநோய் இல்லையென்றால் அவசரம் கிடையாது. போக்கைப் பாதி வரை குறைக்கும் டிரனெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஐந்து ஆண்டாவது போக்கைக் கட்டுப்படுத்தும். இவற்றில் எதை முயன்றோம், ஏன் பலன் இல்லை என்று கேட்டுவிட்டு, இன்னொரு மருத்துவரிடமும் ஒரு கருத்துக் கேளுங்கள். சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதை இளம் வயதில் எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகள் பற்றிய வழக்கில், மத்திய சுகாதாரத் துறை 2022-ல் வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் எல்லாம் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எனக்கு நின்று இரண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் லேசாகப் பட்டது.

இந்த வாரமே போய்க் காட்டுங்கள். 12 மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். பலருக்கு சாதாரணக் காரணம்தான் இருக்கும். புற்றுநோயாக இருந்தாலும் தொடக்கத்திலேயே பிடித்தால் குணமாகும். உறவுக்குப் பின் உதிரம் படுகிறவர்களுக்கும் இதே பதில். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம்.

எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

ஒரு மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தால், மயக்கம் வந்தால், நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்தால். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது? கல்யாணமாகாத பெண்ணுக்கு உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களா?

இந்தப் பயம்தான் பல பெண்களை வீட்டிலேயே நிறுத்தி வைக்கிறது. உடலுறவு இல்லாத பெண்ணுக்கு உள் பரிசோதனை செய்வதில்லை. வயிற்றின் மேல் களிம்பு தடவித்தான் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குச் சிறுநீர் முட்டும் அளவுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். மற்றவர்களுக்கும் சம்மதம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும், பெண் செவிலியர் கூட இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால் எந்தக் கிழமை எந்த மருத்துவர் இருப்பார் என்று சொல்லிவிடுவார். அங்கிருந்து தேவைப்பட்டால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ, திருவாரூர், நாகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ அனுப்புவார்கள். எங்கே போவதென்று புரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். போகும்போது தேதி குறித்த காலண்டர் தாள், பழைய ஸ்கேன், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மகளைக் கூட்டிப் போகும் அம்மாக்கள் ஐந்து நிமிடமாவது வெளியே உட்கார்ந்து, அவள் மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள்.